தொப்பிக்காரர் சொன்னது

எங்கள் வீட்டுக்கு டிவி வந்து மூன்று வருடம் ஆகியும் அது என்ன பேசுகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெட்டியில் பழுது ஒன்றுமில்லை. சோமனூரை ஒட்டிய எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. எங்களுடையது நாலு தறி. தறிக்கொட்டகைக்கும் டிவி இருந்த அறைக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். கரண்ட் இருந்தால் தறி ஓடும்; தறி ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கரண்ட் போனால் தறி நிற்கும், கூடவே டிவியும் அணைந்துவிடும். சத்தம் வைக்கும் குமிழை என் தம்பி ஒரு நாள் கழற்றித் தொலைத்துவிட்டான். அது இல்லாததை இரண்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை.

அப்பா ஜவுளி வியாபாரிகள் கொடுக்கிற நூலைக் கூலிக்கு நெய்பவர். மாரியம்மன் நோம்பிக்குக்கூட மாவிளக்கு எடுக்கிற நேரம் தவிர தறியை நிறுத்தமாட்டார். அதனால் நாங்கள் கையாலும் உதட்டாலும் பேசிப் பழகினோம். அம்மா அடுப்படி வாசலில் நின்று வாயை மட்டும் அசைத்தால் போதும், சோறா, அடியா என்று தெரிந்துவிடும். சினிமா பார்க்கும்போதும் உதட்டைப் பார்த்தே வசனத்தைப் பாதிக்குமேல் பிடித்துவிடுவேன்.

அந்தத் திறமை தொப்பிக்காரரிடம் மட்டும் பலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேபிளில் வருவார். தொப்பி போட்ட வெள்ளைக்காரர். அவர் பேசுவதன்மேல் தமிழில் ஒருவர் பேசுவார் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நாங்கள் கண்டது அவர் உதடு ஏதோ ஒரு பாஷையில் அசைவதை மட்டும்தான். வாராவாரம் அவரை யாரோ காட்டிலோ பாலைவனத்திலோ தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர் மரப்பட்டையை உரித்து வெள்ளைப் புழுவைத் தின்பார். தேளின் கொடுக்கைக் கிள்ளிவிட்டு மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்வார். சேற்றைப் பனியனில் கட்டிப் பிழிந்து அந்தத் தண்ணீரைக் குடிப்பார். ஒரு தடவை தன் மூத்திரத்தையே குடித்தார். அம்மா பாதி இட்லியோடு எழுந்து போனவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்கோ அவரைவிடப் பெரிய ஆள் உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

அப்போது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு எட்டு. கொட்டகைக்குப் பின்னால் சோளக்காடு, அதைத் தாண்டி மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடுகிற பள்ளம். அதுதான் எங்கள் காடு. பனியனில் சேறு பிழிந்து குடித்துத் தம்பிக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அதற்கு நான் வாங்கிய உதை தனி. அதற்கும் நான் அடங்கவில்லை. தொப்பிக்காரரிடம் ஒரு தோல்பை இருந்ததால் நானும் மஞ்சப்பை ஒன்றைத் தயார் செய்தேன். அதில் ஒரு தீப்பெட்டி, கொஞ்சம் வெல்லம், நூல் அறுக்கிற பிளேடு ஒன்று, கொட்டகையில் எடுத்த பாவு நூல் ஒரு சுருள்.

நூலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தறியில் இழை அறுந்தால் முடிபோடுவதில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் பெரியவர்கள்கூடக் கிடையாது. தறிக்காரர்கள் போடுகிற முடி சின்னது. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. அப்பா வெளியாட்களை அழைத்து வந்து, என்ற மவ கையைப் பாருங்க என்று காட்டுவார். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறித்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பிக்காரர் பாம்புக்கடிக்கு என்ன செய்வது என்று காட்டினார். காலில் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டினார். கத்தியால் கடிவாயைக் கீறி, வாய் வைத்து உறிஞ்சித் துப்பினார். ஒரு குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டார். அப்புறம் மரத்தடியில் அசையாமல் படுத்துக் கிடந்தார், கடைசியில் ஹெலிகாப்டர் வந்தது. இடையிடையே கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி என்னவோ பேசினார். அவ்வளவு அக்கறையாகச் சொல்கிறாரே என்று நானும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த சாயங்காலம், பள்ளத்தில் கல்லிடுக்கில் கால் வைத்த தம்பி அலறினான். கல்லுக்கடியில் ஒரு வால் போவதைத்தான் நான் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள்.

வீடு கூப்பிடு தூரம்தான், ஆனால் தறி ஓடுகையில் கூப்பிட்டுப் பயனில்லை. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். தொப்பிக்காரர் யாரிடமும் ஓடவில்லையே என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அந்த வேலையை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. பாவு நூலை நாலு இழையாகச் சேர்த்து முழங்காலுக்குக் கீழே இருபது சுற்றுச் சுற்றினேன். பல்லால் இழுத்து இறுக்கி, என் முடியைப் போட்டேன். பிளேடால் கீறினேன். உறிஞ்சித் துப்பினேன். ரத்தம் உப்பாகவும் இரும்பு மாதிரியும் இருந்தது. தம்பி துள்ளியதால் வாயில் கருவேலங்குச்சியைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னேன். பிறகு அவனைப் படுக்கவைத்து, வெயில் படாமல் சோளத்தட்டைப் போட்டு மூடி, நெஞ்சின்மேல் கை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

“அக்கா, கடிச்ச எடம் வலிக்கலக்கா. நீ கட்டுனதுதான் வலிக்குது. அவுத்துடக்கா” என்றான் தம்பி. எத்தனை தடவை சொன்னான் என்று எண்ணவில்லை. அவிழ்த்தால் செத்துப்போவாய் என்று அதட்டினேன். கொஞ்ச நேரத்தில் பாதம் அவரைப்பூ மாதிரி ஊதா நிறத்துக்கு வந்தது. விஷம் அங்கேயே நிற்கிறது, மேலே ஏறவில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பொழுது இறங்கும்போது கரண்ட் போனது. ஊரிலிருந்த தறியெல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அந்த நிசப்தத்தில்தான் தம்பி அழுவது அம்மாவுக்குக் கேட்டது.

ஓடிவந்தவர்கள் கட்டைப் பார்த்து, கூறுள்ள புள்ளை என்றார்கள். டாக்டர் பார்க்கும்வரை யாரும் அவிழ்க்கக்கூடாது, அவிழ்த்தால் விஷம் தலைக்கேறும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்று கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே நர்ஸ் நூலை அவிழ்க்கப் பார்த்து முடியாமல் கத்தரியைத் தேடினாள். சதைக்குள் புதைந்த நூலைக் கத்தரியாலும் சுலபமாக எடுக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே நாலு விரல் விட்டுக் காலை எடுத்தார்கள்.

அதற்கு முந்தின நாள் டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். டாக்டர் வாய்க்குத் துணி கட்டியிருந்ததால் உதடு தெரியவில்லை. அப்பாவின் உதடு அசையவே இல்லை. வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கட்டறது, அறுக்கறதெல்லாம் எங்க கண்ணு கத்துக்கிட்ட?” என்றார்.

“டிவில பாத்தனுங்கப்பா. தொப்பிக்காரரு அப்படித்தான் செஞ்சாருங்க.”

“அவரு என்ன பேசுனாருன்னு கேட்டுச்சா?”

“தறி ஓடிட்டிருந்துச்சுங்களே.”

அப்பா என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “கண்ணாடி விரியனாமா. நீ கட்டுனதுனாலதான் உசுரு மிஞ்சுச்சுன்னு டாக்டர் சொல்றாரு” என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மகளை நினைத்துப் பெருமைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊர் முழுக்க அதே பேச்சு. பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் என்னை மேடைக்கு அழைத்துக் கைதட்டச் சொன்னார். கால் போனாலும் பையன் பிழைத்தானே என்று வந்தவர்கள் எல்லாம் என் கன்னத்தைத் தடவிப் போனார்கள். கக்கத்தில் கட்டை வைத்து நடக்கப் பழகிய தம்பியும் தன் கூட்டாளிகளிடம் எங்கக்காதான் என்னைக் காப்பாத்துச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு அந்தக் கதையை முடிபோட்ட இடம்வரை நடித்தே காட்டினேன்.

அடுத்த வருடம் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் வந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு தறியும் ஓடவில்லை. நாலாவது வாரத்தில் வீடுகளில் ஒருவேளைச் சோறானது. அந்த நிலைமையில் எவனாவது தறியை ஓட்டினால் அவனுக்கு ஊரில் தண்ணீர்கூடக் கிடைக்காது. எனக்கும் தம்பிக்கும் கிடைத்த ஒரே லாபம், டிவி பேச ஆரம்பித்தது. குமிழ் இருந்த இடத்தில் குறட்டால் திருகிச் சத்தம் வைத்தோம். வேலையில்லாத பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்து, அந்தப் பெட்டிக்கு இத்தனை நல்ல குரலா என்று அதிசயப்பட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பிக்காரர் வந்தார். பழைய படத்தையே மறுபடி போட்டார்கள். அவர் காலைக் கட்டுவதைக் கண்டதும் தம்பி, “அக்கா, உன்ற பாம்பு வைத்தியம்!” என்று கத்தினான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தமிழ்க் குரல் நிதானமாகச் சொன்னது: “பாம்பு கடித்ததும் பலரும் உடனே செய்வது இதுதான்.”

அதுவரை கதவோரம் நின்றிருந்த அப்பா காணாமல் போனார். அடுத்த நொடி சுவர் அதிர்ந்தது. நாலு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. தொப்பிக்காரர் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பேயறைந்தவர்கள் மாதிரி எழுந்து போனார்கள். பத்து நிமிடத்தில் சங்கத்துக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆத்திரத்திலும் ‘ங்க’வை விடமாட்டார்கள். “ஏனுங்க, ஊரே பட்டினி கெடக்குது, உங்களுக்கு மட்டும் என்னங்க அவசரம்?” என்று கேட்டார்கள். தறியில் புதிதாக ஏறியிருந்த ஒரு முழத் துணியைத் தொட்டுப் பார்த்தார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, தறி துருப்பிடித்துவிடுமோ என்று ஓட்டிப் பார்த்ததாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊரார் நடுவே அப்பா விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகும் பல மாதம் அவரிடம் பீடிக்கு நெருப்புக் கேட்க ஆளில்லை.

கோயமுத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, வேறு சேனல் ஒன்றில் அந்தப் படத்தை மூன்றாம் முறை பார்த்தேன். அங்கே தறி இல்லை. பலரும் செய்வது இதுதான் என்ற வரியைத் தாண்டியும் குரல் தொடர்ந்தது: “ஆனால் இதைச் செய்யவே கூடாது. பெரும்பாலான பாம்புகளுக்கு விஷமில்லை. கடியைவிடக் கட்டுதான் காலைக் கொல்லும்.” அந்த விடுமுறையில் பீரோவின் அடித்தட்டில் கிடந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் படித்தேன். விஷம் ஏறியதற்கு அறிகுறி எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அப்பாவிடம் நான் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை. தம்பி தன் பிள்ளைகளிடம் இன்றும் என்னைக் காட்டி அதே கதையைத்தான் சொல்கிறான். நான் வாயைத் திறப்பதில்லை.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த அன்று அப்பா நெற்றியில் மண்ணோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கைதட்டல் வாங்கிய பெண்ணுக்கு இப்படி ஓர் அப்பா. அவர்முன்னே போய் நின்று, “எல்லாரும் நிறுத்தியிருக்கறப்ப நீங்க ஓட்டுனது தப்புத்தானுங்களேப்பா?” என்று கேட்டேன்.

அப்பா என் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக நீவினார். “தப்புத்தான் கண்ணு” என்றார்.

ஒப்புக்கொண்டாரே என்று, பெரிய மனது பண்ணி, நான் அவரை மன்னித்தேன்.