யானை லத்தியோடு ஐம்பது கிலோமீட்டர்

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு யாராவது ஆசைப்பட்டுப் பயணம் போவார்களா? நான் போனேன், கடந்த ஆவணி மாதம், மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டியோடு. உள்ளே யானை லத்தி. சிரிக்காதீர்கள். இதுபோன்ற மாதிரிகளை அங்கே பரிசோதனைக்குக் கொண்டுபோகும் மாணவர்கள் சிலர் வழி கேட்டதால்தான் எழுதுகிறேன்.

லத்தி மூளிக்காதியுடையது. வலது காது கிழிந்த பெண் யானை. சத்தியமங்கலம் காட்டில் ஆறு வருடம் அவள் பின்னாலேயே ஆய்வு என்ற பெயரில் அலைந்தவள் நான். மகளின் பள்ளிக்காகத் திருவள்ளூருக்குக் குடிவந்து இரண்டு வருடமாகிறது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, காடு இல்லை என்பதைத் தவிர. சாயங்காலம் மழை வாசம் வந்தால், இந்நேரம் அவள் எந்த ஓடையில் நிற்பாள் என்றுதான் மனசு போகிறது.

காட்டோரத் தோட்டங்களில் வாழையைத் தின்பது அவள்தான் என்று புகார். உறுதியானால் வனத்துறையினர் பிடித்து வளர்ப்பு யானை முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இல்லையென்றால் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். வயிற்றில் அரைபட்டு வந்த நாரில் எது மூங்கில், எது வாழை என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். லத்தியில் தங்கியிருக்கும் தாவர மரபணுவைப் பிரித்துப் படித்தால் தெரிந்துவிடும். என்னோடு வேலை பார்த்த மாரி, மூன்று வெவ்வேறு நாள்களில் அவள் போட்டதும் எடுத்து, மூன்று குப்பிகளில் இறுக்க மூடி, உபரியாக ஒரு உருண்டையை ஜிப் கவரிலும் போட்டு ஈரோட்டுப் பேருந்தில் அனுப்பியிருந்தான்.

ரயிலில் போனால் சென்னை வரை போய் வண்டி மாற வேண்டும். அதனால் ஆட்டோ பேசினேன். போகவர, காத்திருப்பும் சேர்த்து 1,600 ரூபாய். ஓட்டுநர் தேவராஜ் பெரியபாளையத்துக்காரர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம்.

"இன்னா மேடம் பொட்டில, மீனா?"

"யானை லத்திண்ணா. டெஸ்டுக்குப் போகுது."

வண்டியை ஓரங்கட்டிவிட்டே திரும்பிப் பார்த்தார். மூளிக்காதியின் கதையைச் சொன்னேன். முகாம் என்றதும் உச்சுக்கொட்டினார். "அது நல்லா இருக்கணும் மேடம்" என்று இரண்டு முறை சொன்னார்.

பெரியபாளையத்தில் கூட்டம். ஆடி முடிந்தும் பவானி அம்மன் கோவில் தெருவில் வேப்பிலைக்காரர்களும் பொங்கல் பானைகளும் குறையவில்லை. "நாஷ்டா துன்னுட்டு வாங்க, பொட்டிய நான் பாத்துக்கினு கீறேன்" என்றார் தேவராஜ். நம்பிப் போனேன். பொங்கல் நன்றாக இருந்தது, 50 ரூபாய்.

திரும்பி வந்தால் பெட்டி திறந்து கிடக்கிறது. ஜிப் கவரும் பிரித்திருந்தது. உருண்டைக்குக் குங்குமப் பொட்டு, பக்கத்தில் அருகம்புல். குப்பிகள் மேல் உரித்து வைத்த இரண்டு வாழைப்பழம்! ஊதுபத்தி வேறு புகைகிறது.

"புள்ளையாரே வண்டில வந்துகீறாரு. சும்மா இட்டுக்கினு போலாமா? அது காட்டுலயே இருக்கணும்னு வேண்டிக்கினேன்" என்றார், முகமெல்லாம் சந்தோஷமாக.

பழங்களை எடுத்து வெளியே வீசினேன். "அண்ணா, அது வாழை தின்னுச்சா இல்லையான்னு பாக்கத்தானே போறோம்! அதுமேலயே வாழைப்பழமா?"

அவர் முகம் சுண்டிப்போனது. "ஐயோ, பேஜாரு பண்ணிட்டனா மேடம்?" ஊதுபத்தியை அணைத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் ஆரணி வழியாக வண்டியை விட்டார்.

புதுவாயலில் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே திரும்பினால் கவரைப்பேட்டை, பிறகு கும்மிடிப்பூண்டி. சிப்காட்டுக்குள் கன்டெய்னர் லாரிகள் வழிவிடாது, பொறுமை வேண்டும். இரும்பு உருக்கும் வாசனைக்கு நடுவில் அந்தச் சின்னப் பரிசோதனைக்கூடம். ஒரு இலைக்கும் வழியில்லாத அந்தத் தெருவில், காட்டில் அவள் தின்ற இலைகளைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

அங்கே வேலை செய்யும் நஸ்ரின், பழவேற்காட்டுப் பெண். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஜிப் கவரை அப்படியே குப்பையில் போட்டாள். "குப்பி மூடி பிரியலக்கா. வெளிய ப்ளீச் போட்டுக் கழுவிட்டு உள்ள இருக்கறத எடுத்துக்கறேன்" என்றாள்.

மூன்று வாரம் கழித்துப் போனில் முடிவு சொன்னாள். மூங்கில் இருந்தது, புல் இருந்தது, மூன்று நாள் மாதிரியிலும் வாழையும் இருந்தது.

"அந்தப் பழத்தோடதா இருக்குமோ?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் கெஞ்சலாகக் கேட்டது.

"கடைசியா கழுவுன தண்ணியையும் சோதிச்சுட்டேன்க்கா. அதுல வாழை இல்ல. குப்பி உள்ளதான் இருக்கு."

தேவராஜிடம் சொன்னேன். அவர்மேல்தான் தப்பு என்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! "பசிக்குத் துன்னா அது ஒரு குத்தமா மேடம்? நான் வேண்டிக்கினது பத்தல போலகீது" என்றார்.

போகிறவர்களுக்கு: ஆடி, ஆவணியில் பெரியபாளையம் வழியைத் தவிருங்கள். பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். சாப்பிடப் போனாலும் பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். ஓட்டுநரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லாமல், எது அதன் பக்கத்தில் வரக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மூளிக்காதியை ஐப்பசியில் பிடித்துவிட்டார்கள். "வந்து பாருங்கக்கா, இப்ப டிக்கெட் எடுத்தா கிட்டக்கவே நின்னு பாக்கலாமுங்க" என்று மாரி கூப்பிடுகிறான். நான் இன்னும் போகவில்லை. சாயங்காலம் மழை வாசம் வந்தால் மனசு பழையபடி ஓடைக்குத்தான் போகிறது. அங்கே இப்போது அவள் இல்லை.