சாலை ஓரத்தில் காய்ந்த நெல்

அன்று கோவில்பத்துச் சாலையில் நின்றவர்கள் நான்கே பேர்: கொம்யூன் பஞ்சாயத்து ஓவர்சியர், கருக்களாச்சேரியிலிருந்து தினமும் மீன் விற்க நடந்து வரும் அக்கா, ஐந்தாம் வகுப்புப் படித்த என் மகள், நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஓவர்சியரை வரவழைத்தது என் மனு. ஏழாவதோடு பள்ளியை விட்டவன்; நாலு தடவை அடித்து அடித்து எழுதினேன். என் பெண் பள்ளிக்கு நடக்கும் சாலையில் லாரியும் பஸ்ஸும் கண்மண் தெரியாமல் வருகின்றன, ஏதாவது செய்யுங்கள் என்று. அவள் வீடு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது.

ஓவர்சியர் டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துத் தார்ச்சாலையை அளந்தார். "அகலம் சரியாத்தாங்க இருக்கு. புள்ளைய ஓரமா நடக்கச் சொல்லுங்க."

அக்கா சிரித்தார். "டேப்பா சார் நடக்குது? நாங்கல்ல நடக்குறோம்? இந்தக் கூடைய வச்சிக்கிட்டு அந்தப் புளியமரம் வரைக்கும் போய்ட்டு வாங்க. அப்பறம் எழுதுங்க."

வேறொரு அதிகாரி என்றால் முறைத்திருப்பார். இவர் சும்மாட்டை வாங்கித் தலையில் வைத்து, கூடையையும் ஏற்றிக்கொண்டார்.

பத்தடி போயிருப்பார். பின்னால் பஸ் சத்தம். சுமையோடு கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒதுங்கலாம் என்றால் ஓரம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது, சுற்றிலும் கல் வைத்து. நெல்லை மிதிக்க எங்கள் பக்கத்தில் யாருக்குக் கால் வரும்? அவருக்கும் வரவில்லை. நடுச்சாலையிலேயே நின்றுவிட்டார்.

அக்கா ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து பஸ்ஸை நிறுத்தினார். டிரைவர் ஹாரனை விடாமல் அமுக்க, "இருய்யா! ஆபீசர் இன்னிக்கித்தான் மீன் யாவாரம் பழகுறாரு!" என்று கத்தினார்.

சட்டையில் மீன் தண்ணீர் வழியத் திரும்பிய ஓவர்சியர், "யாரு நெல்லுங்க இது?" என்றார்.

என் நெல். மனுவில் லாரியை எழுதினேன், பஸ்ஸை எழுதினேன். இதை எழுதத் தோன்றவே இல்லை.

"நெல்லு மேல காலு படக் கூடாதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க," என்றாள் மகள். "அதான் நடுவுல போவேன்."

அக்கா குத்திக்காட்டவில்லை. "அந்தாண்ட தெடலு சும்மாதான தம்பி கெடக்கு? நெல்லு காய ஒரு களம் போட்டுக்கங்க," என்றார், அவ்வளவுதான்.

ஓவர்சியர் திடலில் சிமெண்டுக் களம் போட அனுமதி வாங்கித் தந்தார். செலவு, அங்கே நெல் காயவைக்கும் நான்கு வீடுகளுக்கு. என் பங்கு சேராமல் கொத்தனார் வேலையை நிறுத்தியபோது, சுருக்குப் பையிலிருந்து எழுபத்தைந்து ரூபாயை எண்ணி வைத்தவரும் அக்காதான். "புள்ள நடக்குற வழி தம்பி. நாளைக்கின்னு தள்ளாதீங்க."

களம் முடிந்த மறுநாள் மகள் சாலையின் ஓரமாகவே நடந்து போனாள். தலை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த அறுவடை முடிந்து ஐம்பது ரூபாய் கொடுத்தேன். மீதியைப் புரட்டுவதற்குள் அக்கா திருவேட்டக்குடிக்கு, தன் மகள் வீட்டோடு போய்விட்டார். இருபத்தைந்து ரூபாய் இன்னும் பாக்கி.