திருடனுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு

போன வியாழக்கிழமை என் மகள் ஹாசினி ஒரு கண்டிஷன் போட்டாள். நான்காம் வகுப்பு.

"அம்மா, சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங்ல வந்துகினு, போய்கினுன்னு பேசாத. எல்லாரும் சிரிப்பாங்க."

"இன்னாத்துக்கு சிரிக்கப் போறாங்க?"

"இதோ, இப்படித்தான். டிவில அந்தத் திருடன் பேசுற மாதிரியே பேசுற."

அந்தத் திருடனுக்கு வசனம் எழுதியதே நான்தான்.

கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் பிழைப்பு. இப்போது கையில் இருப்பவை பழைய அமெரிக்கக் குறும்படங்கள். ஏழெட்டு நிமிடம் ஓடும். ஒரு ராஜா, ஒரு திருடன். ஒரிஜினலில் திருடன் கறுப்பன். தடித்த உதடு, உடைந்த ஆங்கிலம். எல்லோரும் அவனை அடிப்பார்கள், அவன் இளிப்பான்.

சேனல்காரர்கள் உஷார். "இதெல்லாம் இப்ப தப்பு மேடம்" என்று அவன் நிறத்தை வெளுத்து, உதட்டையும் சின்னதாக்கிவிட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். பிறகு தயாரிப்பாளர் போன் செய்தார்.

"திருடன் பேச்சு மட்டும் கொஞ்சம் லோக்கலா இருக்கட்டும் மேடம். உங்க ஆரணிப் பக்கம் பேசுவாங்களே... ஃபன்னா இருக்கும்."

எழுதினேன். 'ஜல்தியா வாபா, போலீஸ் வந்துகினு இருக்குது.' பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேல் நானே கத்திப் பேசிப் பார்த்துச் சிரித்தேன். தினமும் காய்கறி வண்டிக்காரரிடம் நான் பேசுவது அதேதான். அப்போது உறைக்கவில்லை.

ஹாசினி சொன்ன அன்றே அடுத்த படத்தில் மாற்றிப் போட்டேன் — திருடனுக்குச் சுத்தத் தமிழ், ராஜாவுக்கு எங்கள் பேச்சு. வெள்ளிக்கிழமையே திரும்பி வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இப்படிப் பேசினா யாரும் ராஜான்னு நம்ப மாட்டாங்க."

சண்டை போட்டிருக்கலாம். மறுநாள் ரெக்கார்டிங் என்றார்கள். அலுப்பாக இருந்தது... பழையபடியே மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை மீட்டிங். ஹாசினி பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹாசினி நல்லா படிக்கிறா. ரீடிங் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றார் டீச்சர்.

"சரிங்க."

"வீட்ல படிக்க வைக்கிறீங்கதானே?"

"ஆமாங்க."

கேட்க நினைத்த விஷயம் ஒன்று இருந்தது. இவளை எதற்குக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள்? போர்டு தெரியவில்லை என்று ஒரு மாதமாகப் புலம்புகிறாள். அதைக் கேட்க நாலு வாக்கியம் பேச வேண்டும். நாலில் ஒன்றாவது என்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

"தேங்க்ஸ்" என்று எழுந்துவிட்டேன்.

கேட்டைத் தாண்டியதும் ஹாசினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னிக்கு நீ சூப்பரா பேசினம்மா."

நான் பேசியது மூன்றே வார்த்தை.