அண்ணன் வெட்டாமல் விட்ட தாள்கள்

அந்தப் பிரெஞ்சு நாவலின் கடைசித் தாள்களை அண்ணன் ஏன் வெட்டாமல் விட்டுப்போனார்? அவர் மறைந்து ஓராண்டு ஆகப்போகிறது. எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எங்கள் அண்ணன் பாகூரில் பிறந்தார். ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பம். அப்பா காலமானபோது நிலத்தில் பாதி கைமாறியிருந்தது. மிச்சத்தை வைத்து அண்ணன் அம்மாவைக் காத்தார். என்னைப் புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்க வைத்தார். மடுகரையில் மணம் முடித்துக் கொடுத்தார். தாம் மணம் செய்துகொள்ளவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பிள்ளைகளை அடிக்க மாட்டார்.

என் மகனுக்கு நான்கு வயது நிறையப்போகிறது. இன்னும் பேச்சு வரவில்லை. உறவினர் அறிந்ததுதான் என்றாலும், இந்த நினைவு மலரில் அச்சிடலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்.

பிரான்சிலிருந்து வரும் புத்தகங்களில் தாள்கள் ஓரத்தில் சேர்ந்தே இருக்கும். கத்தியால் பிரித்துப் பிரித்துத்தான் படிக்க வேண்டும். அந்த ஓசை கேட்டால் என் மகன் எங்கிருந்தாலும் ஓடி வருவான். காது நன்றாகக் கேட்கிறது என்று ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் வரும்.

நான் பாகூர் வரும்போதெல்லாம் அண்ணன் அந்த நாவலை வாசித்து, என் மகனும் கேட்கத் தமிழில் சொல்வார். அமெரிக்காவின் தென்பகுதியில், பிறர் உழைப்பில் பருத்தி விளைவித்து வாழ்ந்த ஒரு குடும்பம் நொடித்துப்போகும் கதை. முன்னது பின்னதாக வரும். வீட்டில் ஒவ்வொருவராக அதே நாளைச் சொல்வார்கள். அங்கே பேசாத சிறுமி ஒருத்தி. அவளுக்குப் பசி என்பாள் ஒருத்தி, கோபம் என்பான் ஒருவன். அவளை யாரும் கேட்பதில்லை.

"நம்ம வூட்டுக் கதை மாதிரி இருக்குதுண்ணே. பயமா இருக்குது, வேணாம்" என்றேன்.

"நெலம் போனதுக்கா பயப்படற?"

நான் மகனை மடிக்கு இழுத்துக்கொண்டேன். அண்ணன் கத்தியை எடுத்து என் மகனைப் பார்த்தார். "இன்னாடா மாப்ள, வெட்டட்டுமா?"

"வெட்டச் சொல்றாண்ணே."

"உன்னக் கேக்கலடி. நீ சும்மா இரு."

அவன் தலையாட்டும்வரை காத்திருந்தே வெட்டுவார்.

விஷக்காய்ச்சலில் படுத்தபோதும் புத்தகம் தலைமாட்டில் இருந்தது. கடைசிப் பகுதி மட்டும் பாக்கி. என் மகனே கத்தியைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தான். "வெட்டட்டுமா?" என்றார். அவன் தலையாட்டினான். அண்ணன் அவன் வாயையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, கத்தியைத் தலையணையடியில் வைத்தார். களைப்பா, முடிவைப் பார்க்கப் பயமா, இவன் "வெட்டு" என்று சொல்லட்டும் எனக் காத்திருந்தாரா? மறுநாள் கேட்கலாம் என்றிருந்தேன். மறுநாள் அவர் நினைவிழந்து கிடந்தார். அன்றே போய்விட்டார்.

பிள்ளையில்லாத அண்ணனுக்கு என் மகனே கொள்ளி வைத்தான். எங்கள் வகையறாவில் எள்ளும் தண்ணீரும் விடுமுன், யாருக்காகச் செய்கிறோம் என்று காரியம் செய்கிறவர் தம் வாயால் சொல்ல வேண்டும். கருமாதியன்று புரோகிதர் கேட்டார்: "யாருக்குடா தம்பி செய்யற?"

"மாமாவுக்கு!" என்று நானும் அம்மாவும் அங்கிருந்த அத்தனை பேரும் சொன்னோம்.

"புள்ளையக் கேட்டா ஊரே பதில் சொல்லுது" என்றார் புரோகிதர். சிலர் சிரித்தார்கள். நாவலில் இருந்த வீடு இதுதான்.

அன்று முதல் அம்மா கேட்கிறார்: "பேசாத புள்ள விட்ட தண்ணி உங்கண்ணனுக்குப் போய்ச் சேருமாடி?" தலைத்திவசத்துக்கு இவனை விலக்கிப் பங்காளி வீட்டுப் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. இப்போது விலக்கினால் பிறகு எதற்கு அவனை அழைப்பார்கள்?

புதுச்சேரியிலிருந்து வந்து பார்த்த வைத்தியருக்கும், அண்ணனை மாறி மாறித் தூக்கி உட்கார வைத்த எங்கள் வயலாட்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய தெருவாருக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

திவசத்துக்கு முன்பே இம்மலர் உங்கள் கைக்கு வரும். பேச்சுத் தாமதமான பிள்ளையை வளர்த்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லி அனுப்புங்கள். புரோகிதர் கேட்டதும் நானே சொல்லிவிடட்டுமா? அல்லது, எல்லோரும் வாய் மூடியிருக்க, அவனுக்காகக் காத்திருக்கட்டுமா? காத்திருந்தால், எவ்வளவு நேரம்?