பனி ஊர்ப் பெண்ணுக்கு ஆர்டர் வந்த கதை

உலகத்தில் இதுவரை எடுத்த இங்கிலீஷ் கிறிஸ்துமஸ் படங்கள் அத்தனைக்கும் சரியான கதை தெரிந்த ஒரே மனிதர் எங்கள் நைனா எலியாஸ்தான். எடுத்தவர்களுக்கே தெரியாது. படத்தை முடித்துவிட்டு, நாம் என்னதான் எடுத்திருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால், அமெரிக்காக்காரன் ஃபிளைட் பிடித்துச் சென்னையில் இறங்கி, திருப்பதி பஸ்ஸில் ஏறி, திருத்தணியில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நைனா சொல்லுவார். டீயும் கொடுத்து அனுப்புவார்.

இத்தனைக்கும் நைனாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தம் நாற்பது வார்த்தை. அவர் ரயில்வே கேட் கீப்பர். ஸ்டேஷனிலிருந்து போன் வரும். கேட்டை மூடிவிட்டதற்கு அடையாளமாக இவர் ஒரு நம்பர் சொல்ல வேண்டும், அவர்கள் ஒரு நம்பர் சொல்வார்கள், அதை நோட்டில் எழுத வேண்டும். ஆக அந்த நாற்பதில் பாதி எண்கள். மீதி, 'கேட் க்ளோஸ்', 'அப் லைன்', 'டவுன் லைன்', 'ரிலீவர் நாட் கம்', 'லீவ் நாட் சாங்ஷன்'. இவ்வளவுதான் சரக்கு. இதை வைத்துக்கொண்டு பதின்மூன்று வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷ் படத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கிறிஸ்துமஸ் பகல் டியூட்டியை நைனாவுக்காக மணவாளன் மாமா பார்ப்பார். அதே கேட்டில் வேலை செய்கிறவர். ஆடிக் கிருத்திகைக்கு அவர் காவடி எடுப்பார், அன்றைக்கு அவருடைய டியூட்டியை நைனா பார்ப்பார். இதற்கு எழுத்து ஒன்றும் கிடையாது. இரண்டு சாமிக்கும் தெரியும், அது போதும் என்பார் மணவாளன் மாமா.

காலையில் சர்ச், மதியம் பிரியாணி, மூன்று மணிக்குப் படம். டிவியைப் போடுவதற்கு முன் அம்மா ஜெபம் பண்ணுவாள். வேலைக்கு ஸ்தோத்திரம், அரிசிக்கு ஸ்தோத்திரம், கௌரியம்மாளுக்கு ஸ்தோத்திரம் என்று வரிசையாக நன்றி சொல்லிக்கொண்டே போவாள். என் பெயர் வருகிற இடத்தில் மட்டும், "ஆபேலுக்குப் புத்தி குடும் ஆண்டவரே" என்று அது விண்ணப்பமாக மாறிவிடும்.

கௌரியம்மாள் பக்கத்து வீடு. மலையடிவாரத்தில், படி ஏறுகிற இடத்தில் பூவும் கற்பூரமும் விற்கிறவர். கிறிஸ்துமஸ் அன்று கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். எங்களிடம் டிவி இல்லாத காலத்தில் முதல் படத்தை அவர் வீட்டு டிவியில்தான் பார்த்தோம். அதனால் முதல் நாற்காலி அவருக்கு.

பென் டிரைவில் நாலைந்து படம் இருக்கிறது. ஒரு படத்தில் நாய் வரும், ஒரு படத்தில் ஒரு தாத்தா வீட்டைத் தொலைத்துவிடுவார். ஆனால் கௌரியம்மாள் கேட்பது ஒன்றைத்தான். "அந்த ஆர்டர் வாங்கற பொண்ணு படம் போடுப்பா."

அதில் பனி கொட்டுகிற ஒரு ஊர். ஒரு பெண் கேக் கடை வைத்திருக்கிறாள். கோட்டு போட்ட ஒருவன் காரில் வந்து இறங்குகிறான். கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். மீதியெல்லாம் நைனா.

"அவ கேங்மேன் பொண்ணு. அப்பா தண்டவாள டியூட்டிலயே செத்துட்டாரு. கருணை அடிப்படையில வேலை கேட்டு எழுதிப் போட்டுகினு கீறா."

"கேக் கடை வச்சிகினு கீறாளே?" என்று கேட்பேன்.

"வேல ஆர்டர் வர்ற வரிக்கும் வயித்துக்கு இன்னாடா பண்ணுவா?"

கோட்டுக்காரன் ரயில்வே ஆபீஸிலிருந்து சரிபார்க்க வந்த இன்ஸ்பெக்டர். இரண்டு பேரும் சண்டை போட்டால், சர்டிபிகேட்டில் பேர் தப்பாக இருக்கிறது. பனியில் சேர்ந்து நடந்தால், தாசில்தார் ஆபீசுக்குப் போகிறார்கள். கடைசியில் முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். அந்த இடம் வந்ததும் நைனா சடாரென்று எழுந்து, "கையெழுத்துப் போட்டுட்டான்!" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விடுவார். கௌரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முருகா, வந்துடுச்சா ஆர்டரு!" என்பார். பதின்மூன்று தடவையும் புதிதாக வந்த மாதிரி.

நான் பத்தாவதோடு படிப்புக்கு டாட்டா காட்டிவிட்டு டூவீலர் மெக்கானிக் கடையில் இருக்கிறேன். அதற்கு முன்பே, நாலு வருஷத்துக்கு முன்னால், லீவு நாளில் அந்தக் கடைக்கு எடுபிடியாகப் போனபோது ஓனர் போனில் இதே படம் தமிழில் பேசுவதைப் பார்த்தேன். அந்தப் பெண் அப்பா விட்டுப்போன கேக் கடையை விற்கப் பார்க்கிறாளாம். கோட்டுக்காரன் வாங்க வந்தவனாம். பிறகு காதலாம். எனக்குப் பெரிய ஏமாற்றமாகிவிட்டது. இவ்வளவு பனியைக் கொட்டி, இவ்வளவு சீரியல் லைட்டைக் கட்டி, கடைசியில் ஒரு கடை விற்கிற கதையா? யாருக்கும் வேலை கிடைக்கவே இல்லை.

வேலை கிடைத்தது நைனாவுக்குத்தான். என் தாத்தாதான் கேங்மேன். டியூட்டியில் இறந்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு நைனா மூன்று வருஷம் இரண்டு மாசம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்திருக்கிறார். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டினார். கனகம்மாசத்திரத்தில் பஸ் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி வெள்ளரிக்காய் விற்றார். ஆர்டர் வந்தது டிசம்பர் இருபத்து மூன்று. அப்போது எனக்கு நாலு வயசு, அக்கா ஸ்வீட்லினுக்குப் பதினொன்று. இரண்டு நாள் கழித்து, கௌரியம்மாள் வீட்டு டிவியில் இந்தப் படம்.

நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருஷமும், "இந்தத் தடவயாச்சும் ஆர்டர் வருமா நைனா?" என்றே கேட்டேன். "இருடா, வரும்" என்றார்.

மற்றபடி நைனாவை நான் விட்டுவைத்ததில்லை. கேட் மணிச் சத்தத்தை போனில் பிடித்து வந்து, அவர் மதியம் தூங்கும்போது தலைமாட்டில் போட்டேன். லுங்கியோடு எழுந்து நின்று, இல்லாத கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே, "அப் லைனா, டவுன் லைனா?" என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் அவரும் சிரித்தார். ஆனால் ஒரு தடவை, அவர் சர்ச் ஞானப்பாட்டு பாடுகிற மாதிரி மூக்கால் பாடிக் காட்டினேன். கோபித்துக்கொள்ளவில்லை. அன்றோடு வீட்டில் பாடுவதை நிறுத்திவிட்டார். மூன்று வருஷம் ஆகிறது. கோபப்படுகிற ஆளாக இருந்தால் மறுநாள் சரியாகிவிடும். நைனா சும்மா ஆகிவிடுவார். நான் ஃபெயிலான பாடங்களை எல்லாம் மறந்துவிட்டேன், இது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

போன மே மாசம் ஸ்வீட்லினுக்குக் கல்யாணம். ஆவடி மாப்பிள்ளை. எனக்கு அவர் ஆகாஷ் பாவா. அவருக்குச் சென்னையில் வேலை, நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களோடு போனில் இங்கிலீஷ் பேசுகிற வேலை. முதல் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்று முடிவானதும் அக்கா எனக்குப் போன் போட்டாள்.

"டேய், இந்த வருஷம் அந்தப் படம் வேணாம்டா."

"ஏன்?"

"அவரு இங்கிலீஷ்லயே சண்ட போடறவருடா. நைனா வாயத் தொறந்து, இவன் ரயில்வே இன்ஸ்பெக்டருன்னு சொன்னா இன்னா நெனப்பாரு?"

"சிரிப்பாரு."

"சிரிச்சிட்டா?"

எனக்கு உடனே அந்த ஞானப்பாட்டுதான் ஞாபகம் வந்தது. படம் வேண்டாம் என்று சொன்னாலும் நைனா ஏன் என்று கேட்பார். போட்டால் பாவா சிரிப்பார். ஒரே ஒரு சிரிப்பு போதும், அடுத்த கிறிஸ்துமஸிலிருந்து மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"நீ கம்முனு வா. நான் பாத்துக்கறன்" என்றேன்.

"நீ பாத்துக்கறன்னு சொன்னாதான்டா பயமா கீது."

பிடுங்கிப் போடுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. பழைய இயர்போன் ஒன்றின் ஒயரை நறுக்கிவிட்டு, நுனியில் இருக்கிற பின்னை மட்டும் எடுத்துக்கொண்டேன். டிவிக்குப் பின்னால் இயர்போன் செருகுகிற ஓட்டை ஒன்று இருக்கிறது. அதில் அந்தப் பின்னைச் செருகிவிட்டால், யாரோ இயர்போனில் கேட்கிறார்கள் என்று நினைத்து டிவி வாயை மூடிக்கொள்ளும். படம் ஓடும், இங்கிலீஷ் வராது. இங்கிலீஷே வராவிட்டால் பாவாவும் நாங்களும் ஒன்றுதானே?

கிறிஸ்துமஸ் மதியம் பிரியாணி முடிந்தது. கௌரியம்மாள் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா ஜெபத்தில் இந்த வருஷம் "மாப்பிள்ளைக்கு ஸ்தோத்திரம்" சேர்ந்தது. எனக்கு வழக்கமான விண்ணப்பம். நைனா புதுச் சட்டையில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டுக்கொண்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்.

பனி பெய்தது. சத்தமில்லை.

"சவுண்டு வரலயே மாமா" என்றார் ஆகாஷ் பாவா. எழுந்து ரிமோட்டை வாங்கி என்னென்னமோ அமுக்கினார். ஸ்வீட்லின் அதைப் பிடுங்கி உள்ளங்கையில் தட்டினாள். "கரண்டு கம்மியா கீதா?" என்று கேட்டார் கௌரியம்மாள். அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள்.

நான் நைனாவைப் பார்த்தேன். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சவுண்டு எதுக்கு மாப்ள? நான் கீறன்ல?"

"சொல்லுங்க மாமா" என்று பாவா உட்கார்ந்துவிட்டார்.

நைனா ஆரம்பித்தார். முதலில் குரல் கொஞ்சம் தடுமாறியது. கேங்மேன் செத்ததைச் சொல்லும்போது சரியாகிவிட்டது. கோட்டுக்காரன் காரை விட்டு இறங்கினான். "இவன் ரயில்வே இன்ஸ்பெக்டரு மாப்ள. வெரிஃபிகேஷனுக்கு வந்துகீறான்" என்றார் நைனா. ஸ்வீட்லின் என் தொடையைக் கிள்ளினாள். பாவா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், வரப்போகிறது என்று நினைத்தேன்.

"கைல ஃபைலே இல்லயே மாமா?" என்று கேட்டார் பாவா.

"ஃபைலு கார்ல கீது."

"ஆங், அப்டியா."

கௌரியம்மாள் திரும்பி, "தம்பி, குறுக்க பேசாத. இனிமேதான் கஷ்டமே" என்று பாவாவை அடக்கினார்.

அன்றைக்கு நைனா சொன்ன மாதிரி எந்த வருஷமும் சொன்னதில்லை. அந்தப் பெண் கடை வாசலில் நின்று தெருவைப் பார்க்கிற ஒரு இடம் உண்டு. போன வருஷம் வரை அந்த இடத்தில், "தபால்காரருக்கு நிக்கிறா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இந்தத் தடவை நிறுத்தாமல் சொன்னார். தபால்காரர் வருகிற நேரத்துக்குத் தலை வாரிக்கொண்டு நிற்பாளாம். அவர் சைக்கிளை நிறுத்தாமல் போனால், வேறு எதற்கோ நின்ற மாதிரி காட்டிக்கொள்ள வாசலைப் பெருக்குவாளாம். அம்மா நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வாசலைப் பெருக்கியது யார் என்று அம்மாவுக்குத் தெரியும் போலிருக்கிறது.

"எத்தன வருஷம் மாமா அப்டி நின்னா?" என்று மெதுவாகக் கேட்டார் பாவா.

"மூணு வருஷம் ரெண்டு மாசம்."

பாவா தலையாட்டினார். சிரிக்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. கோட்டுக்காரன் நெருங்கினான். நைனா எழுந்து, "கையெழுத்துப் போட்டுட்டான்!" என்றார். பாவாவும் எழுந்து, "நானும் தண்ணி குடிக்கிறன் மாமா" என்று பின்னாலேயே போனார். கௌரியம்மாள் முருகனைக் கூப்பிட்டார்.

எல்லாரும் கேக் சாப்பிட வாசலுக்குப் போனார்கள். நான் பின்னை எடுக்க நைசாக உள்ளே வந்தேன். டிவி பக்கத்தில் நைனா நின்றுகொண்டிருந்தார்.

"ஆபேலு, இங்க வா."

பின்னால் கையை விட்டார். அடுத்த நொடி டிவி வீடே அதிரப் பாடியது. ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, உள்ளங்கையில் பின்னை வைத்து நீட்டினார்.

"இது இன்னா?"

"தெர்லயே நைனா. எலி ஏதாச்சும்..."

"எலி இயர்போன் போட்டுகினு பாட்டு கேக்குதா?"

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"மாப்ள எழுந்து பாத்தாரு. உங்கக்கா ரிமோட்ட தட்னா. உங்கம்மா ஜெபமே பண்ணிட்டா. வூட்ல மெக்கானிக்குன்னு ஒருத்தன் கீறான், அவன் மட்டும் குந்தின எடத்த வுட்டு நவுரல. எனுக்குத் தெரியாதாடா?"

"சும்மா வெளாட்டுக்கு நைனா."

"மாப்ள சிரிச்சிடுவாருன்னுதான?"

"சேச்சே."

"மாப்ளைக்கு நிச்சயதார்த்தத்தன்னிக்கே சொல்லிட்டன். எனுக்கு இங்கிலீஷ் வராது, நானா கத கட்டி வுடுவன், வந்து கேளுங்கன்னு. அதுக்குன்னே லீவு சொல்லிட்டு வந்துகீறாரு மனுசன்."

"அப்ப அது வேற கதன்னு உனுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? ஆர்டர கைல வாங்கி ரெண்டு நாளு. அன்னிக்கு எந்த மூஞ்சப் பாத்தாலும் எனுக்கு ஆர்டர் வாங்கின மூஞ்சாத்தான் தெரிஞ்சிது. தெரிஞ்சத சொன்னன்." பின்னை என் சட்டைப் பையில் போட்டார். "நீ வெளாட்டுக்குன்னு சொல்றியே, அதான் ஒத்துவரல."

"ஏன்?"

"வெளாட்டுன்னா நீ கெக்கேபிக்கேன்னு சிரிச்சிகினு இருப்ப. இன்னிக்கு ரெண்டு மணி நேரமா என் மூஞ்சியவே பாத்துகினு இருந்த. ஒரு வாட்டி கூட சிரிக்கல."