சார்ஜில் போட்டுப் பார்ப்போம்

பேட்டரியைச் சோதிக்கும் மீட்டரின் முகத்தை எதிரே நிற்பவர் பக்கம் திருப்பி வைக்கிறார். முள் எழுந்து, கொஞ்சம் தயங்கி, சிவப்புப் பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடுகிறது. வந்தவர் முள்ளைப் பார்க்கிறார், பிறகு இவரைப் பார்க்கிறார். இவரோ எதையோ தேடுகிறவர்போல மேஜைக்கு அடியில் குனிந்தாயிற்று. அங்கே தேடுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு கந்தல் துணியும் ஒரு ஜோடி செருப்பும்தான் கிடக்கின்றன. "நான் சொல்லலீங்க, மிஷின் சொல்லுது" என்று குரல் மட்டும் மேலே வருகிறது.

கார் பேட்டரி விற்கும் கடையில் வாரண்டி மேஜை அவருடையது. புது பேட்டரி வாங்க வருகிறவர்களுக்கு முன்பக்கம் கண்ணாடிக் கதவு, ஏசி, காகிதக் குவளையில் தேநீர் எல்லாம் உண்டு. வாரண்டிக்கு வருகிறவர்கள் பக்கத்துச் சந்தில் நுழைந்து பின்பக்கம் வரவேண்டும். அங்கே ஒரு மின்விசிறி. அதுவும் சார்ஜ் ஏறும் பேட்டரிகளின் ஆவியை வெளியே தள்ளுவதற்காக வைத்தது, மனிதர்களுக்காக இல்லை. வாங்கும்போது சிரிக்கிற முகங்களை முன்பக்கம் அனுபவித்துவிடுகிறது. அதே முகங்கள் ஒன்றிரண்டு வருடம் கழித்துக் கடுகடுவென்று வரும்போது இவர் அனுபவிக்க வேண்டும்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி ஆள். வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும், தூக்கித் தூக்கி வந்த இறக்கம். அவருடைய எல்லாச் சட்டைகளிலும் வயிற்றுப் பக்கம் பொடிப்பொடியாக ஓட்டைகள். அமிலம் தெறித்தபோது தெரியாது, துவைத்து உலர்த்தும்போதுதான் தெரியும். "அந்தச் சல்லடையை இப்படிக் கொடுங்க, மாவு சலிக்கணும்" என்று மனைவி அவர் சட்டைக்குக் கை நீட்டுவது உண்டு. மாலையில் கிளம்பும்முன் சோடா மாவைத் தேய்த்துக் கை கழுவுவார். அப்படியும் விரல் இடுக்கில் ஒரு புளித்த வாடை தங்கிவிடும். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். அதற்கெல்லாம் அவர் வருத்தப்படுவதில்லை. வருத்தப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும் அல்லவா.

வருகிறவர்கள் சொல்லும் கதைகளை அவர் தலையாட்டிக் கேட்பார். "ஒரு தடவைகூட மூடியைத் திறந்தது இல்ல சார். பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்" என்பார் ஒருவர். திறந்து தண்ணீர் விடாததால்தான் அது செத்தது. இன்னொருவர் விட்டிருப்பார், காய்ச்சி வடித்த நீரை இல்லை, வீட்டுக் குடத்திலிருந்து. "நல்ல தண்ணிதான் ஊத்தினேன். நாங்களே அதைத்தானே குடிக்கிறோம்." வாரண்டியில் மாற்றிக் கொடுக்கும் பேட்டரிக்குப் புதிதாக வாரண்டி தொடங்காது, பழையதில் மிச்சமிருக்கிற காலம்தான் என்று சொன்னால் அடிக்க வராத குறை. "புதுசா பிறந்த பிள்ளைக்கு அண்ணன் வயசையா எழுதுவீங்க?" என்று ஒருவர் கேட்டார். அது நல்ல கேள்வி என்று இவருக்கும் தோன்றியது. ஆனால் விதியை எழுதியவர் இவர் இல்லை.

பேட்டரி மேஜையில் ஏறும்போதே அதற்கு வாரண்டி கிடைக்குமா கிடைக்காதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்து என்ன பயன்? கிடைக்காது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. எதிரே ஒரு முகம் வாடுவதைப் பார்க்கிற சக்தி அவருக்குக் கிடையாது. தொண்டையைக் கனைத்துக்கொள்வார், காதை நீவுவார், கடைசியில் அந்த வாக்கியம்தான் வரும்: "சார்ஜ்ல போட்டுப் பார்ப்போம். நாளைக்கு வாங்க." உப்பிப்போனது, வெடித்தது, உள்ளே தகடு பொடிந்து தண்ணீரே கறுத்துப்போனது எல்லாம் அவர் கையால் ஒரு ராத்திரி சார்ஜ் ஏறியிருக்கின்றன. மறுநாளும் அந்த முகம் வாடத்தான் போகிறது. ஆனால் மறுநாள் சொல்வது மீட்டர், இவர் குனிந்துகொள்ளலாம்.

முதலாளி வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிறவர். "முடியாதுன்னா முதல்லயே முடியாதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. ஒரு நாள் காத்திருந்துட்டு வர்றவன் ரெண்டு மடங்கு கத்துறான்" என்று தலையில் அடித்துக்கொள்வார். "சரிங்க, இனிமே சொல்லிடறேன்" என்பார் இவர். அடுத்த ஆளிடம் அதே பாட்டு. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சோதனை முடியும்வரை வண்டி ஓட வேண்டுமே என்று இரவல் கொடுப்பதற்காகக் கடையில் நாலைந்து பழைய பேட்டரிகள் வைத்திருக்கிறார்கள். இவருடைய 'நாளைக்கு'களை நம்பி அவையும் ஆளுக்கொரு வண்டியில் ஏறி ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். உண்மையிலேயே தேவைப்படுகிறவர் வரும்போது அலமாரி காலி.

வீட்டில் இந்தப் பேச்சு செல்லாது. "அப்பா பார்ப்போம்னா இல்லைன்னு அர்த்தம். ஆறாவது படிக்கும்போதே எனக்குத் தெரியும்" என்று மகள் தன் கணவனுக்கு விளக்கிவைத்திருக்கிறாள். மனைவியோ அந்தச் சொல்லைக் கேட்ட கையோடு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். அதனாலேயே ஒரு நினைப்பு அவருக்குள் ஊறிவிட்டது. தான் சொல்லாமலே சொல்லிவிடுவதாகவும், கேட்கிறவர்கள் புரிந்துகொண்டுதான் போகிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஒரு பிற்பகல், வாடகைக் கார் ஓட்டுகிற ஒரு பெண் சந்துக்குள் வந்தாள். நாற்பது வயதை ஒட்டியிருக்கும். பேட்டரியைத் தடித்த பை ஒன்றில் போட்டுப் பேருந்தில் கொண்டுவந்திருந்தாள். வழியில் பையின் காது அறுந்துபோய், இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். மேஜையில் இறக்கியபோது அதன் இரண்டு பக்கமும் வயிறு உப்பியிருப்பதைப் பார்த்தார். குற்றம் பேட்டரியில் இல்லை. ஓடுகிற வண்டியில் அதற்கு மின்சாரம் ஊட்டுகிற ஆல்டர்னேட்டர் அளவுக்கு மீறி ஊட்டியிருக்கிறது. வாரண்டி செல்லாது; அதைச் சரிசெய்யாமல் புதிதாக எதை மாட்டினாலும் இதே கதிதான்.

"அண்ணே, கிடைக்குமா கிடைக்காதா?" என்றாள் எடுத்த எடுப்பில். "நாளைக்குக் காலையில ஒரு பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். டயாலிசிஸ். வாரத்துல மூணு நாள் போகணும். எனக்கு முன்னாடி ஓட்டினவரை நேரத்துக்கு வரலைன்னு அந்த வீட்டுல நிறுத்திட்டாங்க. எனக்கு நிலையா இருக்கிற சவாரி அது ஒண்ணுதான். புதுசு வாங்க இப்ப வழியில்ல. கிடைக்காதுன்னா சொல்லிடுங்க, வண்டி ஓட்டுற யார்கிட்டயாவது ராத்திரிக்குள்ள இரவல் கேட்டுக்கறேன்."

அவர் வாயைத் திறந்தார். பை அறுத்த சிவப்புக் கோடு அவள் உள்ளங்கையில் இருந்தது. நெற்றியில் வியர்வை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்ட முகமாகத் தெரியவில்லை.

"சார்ஜ்ல போட்டுப் பார்ப்போம்மா."

"அப்ப கிடைக்கும்?"

"பார்ப்போம்."

"அதுவரைக்கும் மாட்டிக்க ஒண்ணு கொடுப்பீங்களாமே?"

அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பார்க்காமலே தெரிந்த விஷயம்தான். "எல்லாம் வெளிய போயிருக்கு. நாளைக்குக் கடை திறந்ததும் வாங்க."

அவள் முகம் தெளிந்தது. சந்திலிருந்து வெளியேறும்முன்பே செல்போனை எடுத்து யாரிடமோ பேசத் தொடங்கினாள். அந்தத் தெளிவைத் தன்னுடைய நல்ல காரியங்களின் கணக்கில் சேர்த்துக்கொண்டு, உப்பிய பேட்டரிக்கு இவர் சார்ஜர் கம்பிகளை மாட்டினார்.

மறுநாள் காலை தெருமுனையில் திரும்பும்போதே, இன்னும் ஏற்றாத ஷட்டரின் முன்னால் அவள் நிற்பது தெரிந்தது. அவர் நடை தானாகவே தளர்ந்தது. வழியில் ஒருமுறை நின்று செருப்பு வாரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. அவரைக் கண்டதும் அவள் சிரித்தாள்.

பின்பக்கம் போய்ப் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்துப் போய், அழுகிய முட்டை வாடை அடித்தது. இரவல் போனவற்றில் ஒன்றும் திரும்பி வந்திருக்கவில்லை. மீட்டரை எடுத்து மேஜையில் வைத்து, அதன் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். அவள் அதன்மேல் கையை வைத்து மூடினாள்.

"மிஷின் இருக்கட்டும்ணே. எனக்கு அதைப் பார்க்கத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

அவர் குனிந்தார். கந்தல் துணியும் செருப்பும் இருந்தன. எவ்வளவு நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது? நிமிர்ந்தார்.

"கிடைக்காதும்மா. பேட்டரி மேல தப்பில்ல. வண்டியில ஆல்டர்னேட்டர் அதிகமா சார்ஜ் பண்ணுது. முதல்ல அதைச் சரிபண்ணுங்க."

"ராத்திரி சார்ஜ் போட்ட பிறகு தெரிஞ்சுதா?"

தப்பிக்க வழி அவளே காட்டிவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை அத்தோடு முடிந்துவிடும்.

"இல்லம்மா. நேத்தே தெரியும்."

கத்தியிருந்தால் அவருக்குப் பழக்கமான விஷயம். அவள் கத்தவில்லை. அறுந்த பையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே பேசினாள். "நீங்க பார்ப்போம்னீங்க. நான் அவங்ககிட்ட வந்துடும்னேன். எட்டு மணிக்குப் போக வேண்டியவரு. பத்து மணிக்குக் கூட்டிட்டுப் போறேன், ஆஸ்பத்திரியிலயும் கேட்டு மாத்திக்கலாம்னு நேத்து கெஞ்சி ஒத்துக்க வச்சேன். இந்நேரம் சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருப்பாரு."

அவருக்கு வெட்கமாக இருந்தது. தன்னுடைய வாக்கியம் இந்தச் சந்தோடு நின்றுவிடும், ஒரு நாள் தாமதத்தோடு போய்விடும் என்றே இத்தனை காலமும் இருந்துவிட்டார். அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் வாக்குறுதியாகக் கொடுக்கிற மனிதர்கள் இருப்பார்கள் என்று நினைத்ததே இல்லை. உப்பிய வயிறும் சூடுமாக அந்தப் பேட்டரி நடுவில் உட்கார்ந்திருந்தது. எத்தனை பேர் நேற்றும் அதற்கு முன்னும் இப்படிப் போனார்களோ என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"அந்த வீட்டு நம்பரைப் போட்டுக் கொடுங்க. நான் பேசறேன்."

"நீங்க பேசி என்ன ஆகப்போகுது?"

"கொடுங்கம்மா."

அவள் தன் செல்போனில் எண்ணை அழுத்திக் கொடுத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தே பேசியிருக்கலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. அவர் எழுந்து நின்றார். எடுத்தது அந்தப் பெரியவரின் மருமகள்.

"வணக்கம்மா. நான் பேட்டரிக் கடையில இருந்து பேசறேன். வண்டி இன்னைக்கு வராதுங்க. தப்பு இவங்க மேல இல்ல, என் மேல. முடியாதுன்னு நேத்தே நான் சொல்லியிருக்கணும், சொல்லலை. சொல்லியிருந்தா இவங்க வேற ஏற்பாடு பண்ணிட்டு நேரத்துக்கு வந்திருப்பாங்க. இந்த ஒரு தடவைக்காக இவங்களை நிறுத்திடாதீங்க."

மறுபக்கம் பின்னணியில் யாரோ, "வந்துட்டாங்களா?" என்று கேட்பது கேட்டது. மருமகளின் குரலில் கோபம் இல்லை. இவர் குரலைப் போலவே அலுத்துப்போன குரல்.

"நீங்களா கூப்பிட்டுச் சொன்னீங்க, அதுக்கு நன்றிங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் அவரைக் கிளப்பி உட்கார வச்சுட்டு, வருமா வராதான்னு வாசலைப் பார்த்துக்கிட்டிருக்க என்னால முடியல. நாங்க வேற ஆளைப் பேசிக்கிறோம். அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க." லைன் துண்டிக்கப்பட்டது.

அவர் செல்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்த பையைப் பிடித்திருந்த விரல்கள் அசையவில்லை.

"என்னண்ணே சொன்னாங்க? வரச் சொன்னாங்களா?"

தொண்டையைக் கனைக்கக் கூட அவர் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"இல்லம்மா. வேண்டாம்னுட்டாங்க. வேற ஆளைப் பேசிக்கிறாங்களாம்."

செல்போனில் அவர் விரல்களின் கறுப்பு படிந்திருந்தது. சட்டை நுனியால் அதைத் துடைத்து, மேஜைக்கு மேலாக நீட்டினார். அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. நீட்டிய கையை மடக்காமல், அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் நின்றுகொண்டிருந்தார்.