செல்வராணி வீட்டில் எடுத்த படம்

அந்தப் படத்தின் பெயரைச் சொல்லச் செல்வராணிக்கு வாய் வராது. யாராவது கேட்டால் "அந்தக் கண்றாவி" என்பாள். ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடுகிறது. கதாநாயகன் ட்ரம்பெட் வாசிக்கிறவன், கதாநாயகி ஏழை. இரண்டு பேரும் ஜாஸ் பாட்டுப் பாடிக் காதலிக்கிறார்கள், மழை பெய்கிறது, பிரிகிறார்கள், மறுபடியும் மழை பெய்கிறது. இரண்டு மழையும் பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் செல்வராணி குடியிருக்கும் வீட்டின் முற்றத்துக் குழாயிலிருந்து பெய்தவை. ரப்பர் டியூபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்றவளே அவள்தான். கை வலித்து டியூபைக் கொஞ்சம் தாழ்த்தினபோது கதாநாயகன் மூக்குக்குள் தண்ணீர் போய்விட்டது. படத்தில் அவன் கண் கலங்குவதாகப் பெயர் வாங்கிய இடம் அதுதான்.

செல்வராணிக்கு ஐம்பத்தொன்பது வயது. பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் ஹையர், இங்கிலீஷும் தமிழும் பாஸ் பண்ணிவிட்டுப் பெத்துராஜுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள். அவர் லாரி ஆபீஸில் புக்கிங் கிளார்க்காக இருந்தார். ஒரே பிள்ளை ராகுல் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், அலிப்பூர் கோர்ட்டுக்கு வெளியே நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இருபத்தெட்டு வருஷமாயிற்று. மிஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பெத்துராஜ் போய்ச் சேர்ந்தும் ஆறு வருஷம் ஆகிவிட்டது. தார்ப்பாய் மட்டும் கிழியக் கிழிய மாற்றப்பட்டு அதே இடத்தில் இருக்கிறது.

அஃபிடவிட் அடிக்க வருகிறவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, இது நீயே பார்த்ததா, யாரோ சொல்லிக் கேட்டதா என்பதுதான். பார்த்ததைப் பார்த்தது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும்தான் அடிப்பாள். கொஞ்சம் மாற்றிப் போடுங்கள் தீதி என்று அக்கா முறை வைத்துக் குழைந்தால் எழுந்து வேறு ஆளிடம் போகச் சொல்லிவிடுவாள். இந்தக் குணத்தால் வந்த வாடிக்கையும் போயிருக்கிறது. பக்கத்து மேஜை முகமது ரபீக், நீங்கள் டைப்பிஸ்டா நீதிபதியா என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது கேட்பார்.

இப்படிப்பட்டவள் வீட்டைப் படத்துக்குக் கொடுத்தாளே என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. ராகுல் பூனாவில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். மூன்று வருஷம் முன்னால் சரிதாவைக் கட்டிக்கொண்டான். கோயம்புத்தூர்க் குடும்பம், பூனாவிலேயே பிறந்து வளர்ந்த பெண், நல்ல பெண். கல்யாணமும் அங்கேதான் நடந்தது. செல்வராணி போய் ஹோட்டல் அறையில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் மருமகள் ஒரு தடவைகூட மாமியார் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. முதல் வருஷப் பூஜைப் பண்டிகைக்கு லீவு கிடைக்கவில்லை, இரண்டாவது பூஜைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை, மூன்றாவதுக்கு ராகுல் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. மருமகளை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வந்து காட்டு என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு நாக்கில் தழும்பு ஏறாத குறை.

அந்த நேரத்தில்தான் மாடியில் குடியிருக்கிறவர்களின் உறவுப் பையன் தீபக் வந்தான். முப்பது வயது, ஒல்லி, முதல் படம், கையில் சல்லிக்காசு கிடையாது. அவள் வீட்டுச் சுவரை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சித்தி முறை வைத்து, மாசிமா, இந்த வீட்டுக்குள் ஒரு ஆன்மா இருக்கிறது என்றான். அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஈரம் மட்டும்தான். ஆனாலும் சரி என்றாள். நம் வீடு படத்தில் வந்தால் ராகுலுக்கு ஒரு பெருமை வரும், பெண்டாட்டியிடம் காட்டுவான், காட்டினால் அவளுக்கும் பார்க்க ஆசை வரும் என்று ஒரு கணக்குப் போட்டாள். இவ்வளவு வருஷம் கோர்ட் வாசலில் உட்கார்ந்தவள் போடுகிற கணக்கா இது என்று கேட்கலாம். பிள்ளை விஷயத்தில் எந்த அம்மாவுக்குப் புத்தி வேலை செய்திருக்கிறது?

பதினோரு நாள் எடுத்தார்கள். ஒன்பது பேர் அவள் கையால் இட்லி தின்றார்கள். சுவரில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த காரையையும் ஸ்குரூ டிரைவரால் சுரண்டி உதிர்த்தார்கள், அப்போதுதான் அழகாக இருக்குமாம். பெத்துராஜ் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, அந்த ஆணியில் கதாநாயகியின் செத்துப்போன அப்பா என்று எவனோ ஒருவனைத் தொங்கவிட்டார்கள். பெத்துராஜுக்குப் போட்டிருந்த மாலையையே அவனுக்கும் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுச் செல்வராணி அடுத்த ஈடு இட்லி ஊற்றப் போனாள். வாயைத் திறக்காமல் இருந்தது ராகுலுக்காகத்தான்.

படம் போனில் பார்க்கிற மாதிரி ஏதோ ஒரு தளத்தில் வந்தது. அவள் முதல் நாளே ராகுலுக்கு லிங்க்கை அனுப்பி, "நம்ம வீடு. சரிதாட்ட காட்டு" என்று எழுதினாள். அவன் ஒரு கட்டை விரலை அனுப்பினான். பிறகு அவளும் பார்த்தாள். ட்ரம்பெட்டைக் கதாநாயகன் பிடித்த லட்சணம், ஊதுகிறானா தண்ணி குடிக்கிறானா என்று தெரியவில்லை. சத்தம் ஒரு பக்கம் போகிறது, கன்னம் ஒரு பக்கம் போகிறது. அவள் அரிசி களையும் இடத்தில் கதாநாயகி காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வறுமை எவ்வளவு இனிமையானது என்கிற அர்த்தத்தில் ஒரு பாட்டுப் பாடுகிறாள். செல்வராணி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

படத்தைவிட மோசம் அதைப் பார்த்தவர்களின் அபிப்பிராயங்கள். கீழே வரிசையாக வந்தன, நட்சத்திரம் போட்டு, பேர் போட்டும் போடாமலும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே ரபீக் அவற்றைச் சத்தமாக வாசிப்பார், அவள் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்பாள். "அந்தச் சுவரின் கறை ஒரு ஓவியம்." "இப்படி ஒரு சமையலறையில் வாழ்நாளைக் கழிக்க ஆசையாக இருக்கிறது." "ஏழ்மையைக் கூடுதலாகக் காட்டிவிட்டார்கள், இந்தக் காலத்தில் யாரும் இப்படி வாழ்வதில்லை." "ஜாஸ் எங்கே? இது கல்யாண பேண்டு." "கதாநாயகி அழுதபோது நானும் அழுதேன், ஐந்து நட்சத்திரம்." ஜாஸ் எங்கே என்று கேட்டவன் ஒருவனுக்குத்தான் மூளை இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

மற்றவர்களை நினைத்தால் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கறை ஓவியமாம். அந்த ஓவியத்தில் முதுகைச் சாய்த்து ஒரு மழைக்காலம் முழுக்க இருமிப் பார்த்தால் தெரியும். யாரும் இப்படி வாழ்வதில்லையாமே, அப்படியானால் முப்பத்தாறு வருஷமாக இங்கே சமைத்துத் தின்றது யார்? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுதான். ஆனால் இவ்வளவு வாயும் தன் சமையலறைக்குள்ளேயே வந்து பேசுவது அவளுக்குத் தாங்கவில்லை. இருந்தும் ஒன்றுவிடாமல் வாசிக்கச் சொன்னாள். அச்சடித்த தாளைக் கடைசி வரி வரைக்கும் பார்க்காமல் கீழே வைத்துப் பழக்கமில்லை.

இருநூற்றுச் சொச்சம் அபிப்பிராயங்களில் ஒன்று இரண்டு நாள் முன்னால் வந்திருந்தது. ஒரே ஒரு நட்சத்திரம், பேருக்குப் பதில் இரண்டு எழுத்து, முழுக்க இங்கிலீஷ். ரபீக் வாசிக்க ஆரம்பித்துப் பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வறுமையில் சங்கீதம் கிடையாது. என் நண்பன் ஒருவன் இப்படி ஒரு வீட்டில்தான் வளர்ந்தான். அங்கே குளியலறைக்கு ஒரு மரக் கதவு, ஊறிப்போய் மூடவே மூடாது. அவன் அம்மா குளிக்கும்போது அவன் முற்றத்தில் திரும்பி நின்று, கதவில் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டு ஓடவில்லை என்று அவளுக்குத் தெரிவதற்காகச் சத்தமாக வாய்ப்பாடு சொல்ல வேண்டும். அதைப் போய்க் காதல் என்று காட்டாதீர்கள். அருவருப்பாக இருக்கிறது."

செல்வராணி கையைக் கழுவிக்கொண்டு வந்து போனை வாங்கித் தானே ஒரு தடவை படித்தாள். குளியலறையைத் தீபக்கின் ஆட்கள் படமே எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அதில் தகரக் கதவுதான் தெரியும். மரக் கதவு போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அந்தக் கயிறு தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர், அதில் ஒருவர் மாலைக்குப் பின்னால் இருக்கிறார்.

முதலில் அவளுக்கு வந்தது கோபமில்லை. இத்தனை முட்டாள்களுக்கு நடுவில் ஒருவன் உண்மையை எழுதியிருக்கிறான், அவன் தன் பிள்ளை என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. அருவருப்பு என்றானே, அதுதான் சரியான வார்த்தை, அவளும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். பிறகுதான் இரண்டாவது வரி உறைத்தது. என் நண்பன் ஒருவன். கண்ணால் பார்த்ததை, கையால் பிடித்ததை, கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறான்.

அங்கே உட்கார்ந்தே ராகுலுக்குப் போன் போட்டாள். மீட்டிங்கில் இருக்கிறேன் என்றான். ரெண்டு நிமிஷம் என்றாள்.

"அந்தப் படத்துக்கு நீ எழுதுனதப் படிச்சேன்."

அவன் எதை என்று கேட்கப் பார்த்தான். அவள் விடவில்லை.

"அத்தன பேர்ல நீ ஒருத்தன்தான்ல உள்ளத எழுதிருக்க. நல்லா எழுதிருக்க. அந்த நண்பன் யாரு?"

அந்தப் பக்கம் ஒரு கதவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு தணிந்த குரலில் மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது. சரிதாவும் அவனும் சேர்ந்துதான் படம் பார்த்தார்கள். சரிதாவாக எங்கேயோ கேள்விப்பட்டுப் போட்ட படம். மனுஷர்கள் இப்படி வீட்டில் எப்படித்தான் இருப்பார்களோ என்று அவள் சொன்னபோது, அவன் அதுதானே என்று சொல்லியிருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் சொல்லிவைத்தது, அப்பாவுடைய கம்பெனி குவார்ட்டர்ஸ், பெஹாலா பக்கம், தனி வீடு, முன்னால் தோட்டம். மூன்று வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறான். இப்போது போய் எப்படிச் சொல்வது என்று அவளிடமே கேட்டான்.

"அவட்ட சொல்லுதது உன் பாடு" என்றாள் செல்வராணி. "எனக்கு ஒண்ணு செய். நண்பன்னு இருக்க எடத்துல நான்னு போடு. வேற ஒரு எழுத்து மாத்த வேண்டாம்."

சரிம்மா என்றான். அதை அவள் நம்பினாள்.

மூன்று மணிக்கு வாடகை ஒப்பந்தம் ஒன்று, நாலு மணிக்குப் பெயர் மாற்ற அஃபிடவிட் ஒன்று அடித்துக் கொடுத்தாள். நடுநடுவே போனைத் திறந்து பார்த்தாள். நாலரைக்குப் பார்த்தபோது அந்த அபிப்பிராயமே அங்கே இல்லை. கறை ஓவியம் இருந்தது, ஐந்து நட்சத்திரக்காரி அழுதது இருந்தது, அவன் எழுதினது மட்டும் போய்விட்டது. கூடவே ஒரு செய்தி வந்திருந்தது. "எடுத்துட்டேன்மா. இப்ப ஓகேவா?"

மலத்தை மிதித்துவிட்ட மாதிரி உடம்பு கூசியது அவளுக்கு. பெற்ற பிள்ளைமேல் கோபம் வந்திருக்கிறது, வருத்தம் வந்திருக்கிறது, இது வந்ததில்லை. ஒரே ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னதற்கு முழு உண்மையையும் அழித்துவிட்டு ஓகேவா என்று கேட்கிறான்.

அவள் கம்ப்யூட்டரை இழுத்துப் போட்டாள். ஒரு தடவை படித்த தாளை மறுநாள்கூடப் பார்க்காமல் அடிக்கக்கூடிய கை அது. வறுமையில் சங்கீதம் கிடையாது என்று ஆரம்பித்து, அருவருப்பாக இருக்கிறது என்பது வரைக்கும் அவன் எழுதின இங்கிலீஷிலேயே வரிக்கு வரி அடித்தாள். நண்பன் என்றிருந்த இடத்தில் மட்டும் என் மகன் ராகுல் என்று போட்டாள், கூடவே அவன் அம்மா, அவளுக்கு என்றிருந்த இடங்களில் நான், எனக்கு. கீழே தன் முழுப்பெயர், பெத்துராஜ் மனைவி, வீட்டு விலாசம். ரபீக் எட்டிப் பார்த்துவிட்டு, விலாசம் எதற்கு தீதி என்றார். விலாசம் இல்லாமல் அடித்துப் பழக்கமில்லை என்றாள். படத்துக்குக் கீழே போட்டு முடித்ததும், அதையே சரிதாவின் நம்பருக்கும் அனுப்பினாள்.

கால் மணி நேரத்தில் ராகுல் கூப்பிட்டான். அழுகிறானா மூச்சு வாங்குகிறானா தெரியவில்லை. ஏம்மா இப்படிப் பண்ணினே, அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை, என்னை இப்படி அசிங்கப்படுத்திட்டியே என்றான். அவள் அவனை முழுக்கப் பேச விட்டாள்.

"அசிங்கமாவா இருக்கு ஒனக்கு?" என்றாள். "ஏல, அந்தக் கதவு அசிங்கம், அந்தச் சுவரு அசிங்கம், அந்தப் படம் அதவிட அசிங்கம். எல்லாம் ஒத்துக்கிடுதேன். அந்த வீட்டுல அசிங்கமில்லாம இருந்தது கயித்தப் பிடிச்சிட்டு நின்ன பய ஒருத்தன்தான். அவனப் போயி நண்பன்னு சொல்லி எவனுக்கோ தத்துக் குடுத்துட்டியேல."